கரையில் நிற்கும் படகு



கோடை விடுமுறையில் வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலம் நாடிச் செல்லும் நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பங்கு மக்கள், வழியில் நாகப்பட்டினத் துறையிலே விசைப்படகுகள் அணியணியாய் ஓய்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மீனினம் பெருகும் பருவத்தில் அதற்கு ஊறு நேராதிருக்கும் பொருட்டு, 2001-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் மீன்பிடித் தடைக்காலம் கடைப்பிடிக்கப்படுகிறது. தொடக்கத்தில் 45 நாட்களாயிருந்த அது, 2017 முதல் 61 நாட்களாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை.

படகு ஓய்ந்தாலும் கரை ஓய்வதில்லை. படகைத் தரைமேல் ஏற்றி, அடிப்புறத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுக்கின்றனர். மரப்படகாயின், உளுத்த பலகையைக் கழற்றிப் புதியது பொருத்துகின்றனர். பலகைகளின் இடுக்கிலே பஞ்சுத்திரியை அடித்து இறுக்கி நீர் புகாதவாறு பூசுகின்றனர். எந்திரத்தைப் பிரித்துத் துடைக்கின்றனர். வலையின் கிழிசல்களை முடிகின்றனர். வண்ணம் தீட்டுவதோ கடைசி வேலை. மீன்வளத் துறையினரும் இக்காலத்தில் வந்து படகுகளைச் சோதித்துப் பார்க்கின்றனர்.

பாய் விரித்தோடிய கட்டுமரத்துக்கும் இதுவே நியதி. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே உலர வைப்பர். நீரில் ஊறிக் கனத்த மரம் உலர்ந்தால்தான் மறுபடியும் நன்றாக மிதக்கும்.

தோல் பதனிடும் தொழிலறிந்த நமக்கு இவ்வுண்மை புதிதன்று. சுண்ணாம்புத் தொட்டியில் உரிய நாள் ஊறாத தோலுக்கு எத்துணை மெருகு ஏற்றினும் பயனில்லை. உளுத்த பலகைமேல் தீட்டிய வண்ணமும் அத்தகையதே.

நம் குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். தொழிற்சாலைக்கு விடியலில் புறப்படும் தாய், மிகைநேரம் உழைத்து இரவில் திரும்பும் தந்தை, விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள். ஆண்டு முழுதும் அலையிலே ஓடும் படகு இது. கணவன் மனைவியரிடையே பேசாமல் விட்ட ஒரு மனத்தாங்கல், பெற்றோர் அறியாத பிள்ளையின் கலக்கம், உடன்பிறந்தாரோடு தீராத பாகத் தகராறு: இவை யாவும் பலகை இடுக்கில் கசியும் நீரேயாம். கடன், நோய், மரணம் என்னும் புயல் வரும் நாளில் அக்கசிவே படகை மூழ்கடிக்கும். நடுக்கடலில் பலகை மாற்ற முடியாது; கரையில் நிற்கும்போதே மாற்றவேண்டும்.

நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசுமாறு இறைவன் பணித்தார் என்று ஆதியாகமம் கூறுகிறது. ஊரார் காணும் புறத்தை மட்டுமன்று, உள்ளையும் பூசச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். யாகப்பரையும் அருளப்பரையும் நம் ஆண்டவர் அழைத்தபோது அவர்கள் வலைகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தனர் என மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பழுதுபார்க்கும் நேரத்தை ஆண்டவர் வீண்பொழுதென்று கருதவில்லை. அந்நேரத்திலேயே அவர்களைத் தேடி வந்தார்.

ஆகவே, இவ்விடுமுறையில் ஒருநாள் மாலை தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கிவிட்டு, குடும்பமாக அமருங்கள். முதலில் செபமாலை, பின்னர் மனம்விட்டுப் பேச்சு. பெற்றோரே, பிள்ளைகள் பேசும்போது குறுக்கிடாதீர்கள். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் மூத்தவராயினும் கேட்கட்டும். அடுத்த சனிக்கிழமை எல்லோரும் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, ஞாயிறு திருப்பலியில் ஒன்றாய்ப் பங்கு கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணி செல்வோர், வருவாயின்றிக் கடன் வாங்கி அடுப்பெரிக்கும் மீனவக் குடும்பங்களுக்காகவும் அன்னையின் திருவடியில் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். அவர்கள் படகும் நம் படகும் கரைசேர விண்மீனாம் அன்னை வழிகாட்டுவாராக!