முகம் பார்த்துப் போடும் 25

உசிலம்பட்டிப் பக்கம் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் 'எத்தனை அரியர்?' என்று கேட்கிறோம். 'இன்டர்னல் எத்தனை?' என்று கேட்பதில்லை. காமராசர் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பருவத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. பட்டப்படிப்பில் தேர்ச்சிக்கு மொத்தம் 40 வேண்டும். இருவர் பருவத் தேர்வில் அதே 30 எடுக்கிறார்கள். இன்டர்னல் 20 வாங்கியவர் 50 எடுத்துத் தேறுகிறார்; 6 வாங்கியவருக்கு 36, அரியர். திரும்ப எழுதினாலும் பெரும்பாலும் அந்த 6 கூடவே வருகிறது.

பருவத் தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கு மாணவரைத் தெரியாது. இந்த 25-ஐப் போடுபவருக்கு முகமும் தெரியும், ஊரும் தெரியும். விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டு பஸ் பிடித்து வரும் பிள்ளை முதல் வகுப்புக்குப் பிந்தினால் 'அக்கறையில்லை' என்று பெயர். விசாரித்து மறுதேர்வு வைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் டெல்லி எய்ம்ஸ் பற்றிய தோராட் குழு, செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் பட்டியல் சாதி மாணவர்கள் சொன்ன பாகுபாட்டை 2007-லேயே பதிவு செய்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிமுறைகள் இத்தகைய புகாரைக் கேட்கக் கல்லூரியில் ஓர் அலுவலர் வேண்டும் என்கின்றன. அவர் பெயரை நோட்டீஸ் போர்டில் எழுதட்டும். இன்டர்னல் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன், எந்தத் தேர்வுக்கு எத்தனை, அசைன்மென்ட்டுக்கு எத்தனை என்று பிரித்து ஒவ்வொரு மாணவருக்கும் காட்டட்டும். தம்பி, தங்கைகளே, கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.