விமானத்துக்கு உண்டு... தறிக்குக் கிடையாதா?

ஆட்டையாம்பட்டி என்றதும் உங்களுக்கு முறுக்குதான் ஞாபகம் வரும். ஆனால், தறி ஓடும் தெருவுக்குள் போய்ப் பாருங்கள்... 'தடக், தடக்' என்று விசைத்தறிச் சத்தம்தான் காதை அறையும்!

வீட்டை ஒட்டியே தறிக் கொட்டகை. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். கேட்டால், ''அதெல்லாம் பழகிப்போச்சுங்க!'' என்பார்கள்.

காது பழகுவதில்லை, மெல்ல மெல்லச் சாகிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பதே எல்லை. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். தறிக் கூடத்தில் 90-ஐத் தாண்டுவது சகஜம். உள்காதில் செத்த செல்கள் மறுபடி முளைக்காது. முதலில் கேட்காமல் போவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான். அதாவது, பேரப்பிள்ளையின் மழலை!

இதற்கு வழியே இல்லையா? ஜெட் விமான இன்ஜினைப் பாருங்கள். அதன் உட்சுவரில் பொடிப்பொடித் துளைகள் போட்ட தகடு, பின்னால் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் சத்தம் வருமே, அதுபோல இந்த அறைகளுக்கும் ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதியில் சத்தம் வந்தால், துளைக்குள் காற்று முன்னும் பின்னும் உரசி, சத்தம் சூடாக மாறி அடங்கிவிடும். துளை எவ்வளவு, அறையின் ஆழம் எவ்வளவு என்று தகட்டை வெட்டும் முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.

இதே கணக்கைத் தறிக் கூடத்துக்கும் போட்டால் என்ன? சும்மா ஸ்பாஞ்ச் ஒட்டினால் பஞ்சுத் தூசி அடையும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சேலத்திலேயே அரசு பொறியியல் கல்லூரியும், இந்திய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. ஒரே ஒரு கூடத்தை அளந்து, ஒரு மாதிரிச் சுவர் கட்டிக் காட்டட்டுமே! 2023-ல் விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை 2 மாதத்துக்கு 1,000 யூனிட்டாக உயர்த்திய அரசு, இதற்கும் மானியம் தரலாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சுவர் எதிரொலியைத்தான் குடிக்கும். தறியிலிருந்து நேரே காதுக்கு வரும் சத்தத்துக்கு இயர் பிளக்தான் காவல். வெறும் பஞ்சு போதாது. வருஷத்துக்கு ஒரு தடவை காதுப் பரிசோதனையும் அவசியம்.

ஊருக்கெல்லாம் துணி நெய்து தருகிறவர் அவர். வீட்டில் ''தாத்தா...'' என்று கூப்பிடும் குரல் அவர் காதில் விழ வேண்டாமா?