ஜெட்டை மாற்றினால் டர்போ ஓடிவிடுமா?

"கார்புரேட்டர் வண்டிக்கு டர்போவா? ஆகாத வேலை" என்பது ஒரு கோஷ்டி. "டர்போவை மாட்டு, மெயின் ஜெட்டை ரெண்டு சைஸ் பெருசாக்கு, வண்டி பறக்கும்" என்பது இன்னொரு கோஷ்டி. மதுரையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்த இரண்டில் ஒன்று காதில் விழும். என் சண்டை இரண்டு பேரோடும்தான். ஆனால் இரண்டாவது கோஷ்டி மேல் கோபம் கொஞ்சம் அதிகம். அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் என் சித்தப்பா மகன் அவர் அப்பாவின் பழைய மாருதி 800-ஐக் காலி செய்தான். திருமங்கலம் ரோட்டில் கப்பலூர் தாண்டி ஒரே மிதி. நடு பிஸ்டனில் காசு போகிற அளவுக்கு ஓட்டை.

முதல் கோஷ்டிக்கு நாலு வரி போதும். 1962-ல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், 1980-ல் லோட்டஸ் எஸ்பிரி டர்போ, 1981-ல் மசெராட்டி பைடர்போ, 1982-ல் யமஹா எக்ஸ்ஜே650 டர்போ. எல்லாமே கம்பெனியிலிருந்து வந்த டர்போ வண்டிகள், எல்லாவற்றிலும் கார்புரேட்டர்தான். ஆகாத வேலையை நாலு கம்பெனியா செய்தது?

இப்போது இரண்டாவது கோஷ்டி. டர்போ 7 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்தால் இன்ஜினுக்குள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று போகிறது. பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். அதற்குத்தானே பெரிய ஜெட் என்பீர்கள். சரி, அந்த ஜெட்டுக்கு பெட்ரோல் எங்கிருந்து வரும்? மிதவை அறையிலிருந்து. டர்போ தள்ளும் காற்று கார்புரேட்டர் வழியாகப் போனால் அந்த அறைக்குள்ளும் அதே 7 பிஎஸ்ஐ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் காற்று ஜெட் வழியாக பெட்ரோலைத் திருப்பித் தள்ளிவிடும். அறைக்குள் 7 இருக்கும்போது, 3 அல்லது 4 பிஎஸ்ஐ மட்டுமே தள்ளத் தெரிந்த பழைய மெக்கானிக்கல் பம்ப் எப்படி உள்ளே அனுப்பும்?

அனுப்பாது. அங்கேதான் பிஸ்டன் போனது. மெதுவாக ஓட்டும்போது பூஸ்ட் இல்லை, எல்லாம் சுகம். முழுசாக மிதித்ததும் அறையில் இருந்த பெட்ரோல் சில நொடியில் தீர்ந்தது. அப்புறம் காற்று அதிகம், பெட்ரோல் கம்மி, நாக்கிங், சூடு. முடிந்தது கதை.

செய்ய வேண்டியது ரகசியமே இல்லை. பூஸ்ட் ஏற ஏற அதே அளவு பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றும் ரெகுலேட்டர், 11 பிஎஸ்ஐ-யாவது தாங்கித் தள்ளும் பம்ப். உள்ளே வெற்றிடமான மிதவை அழுத்தத்தில் நசுங்கலாம், அதனால் கெட்டியான மிதவை. த்ராட்டில் தண்டில் கசிவு கூடாது, கசிந்தால் நெருப்பு. பூஸ்டில் இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ள வேண்டும். வைடுபேண்ட் மீட்டரில் முழு பூஸ்டில் 12-க்கு 1 பக்கம் காட்டும் வரை பெரிய மிதி கிடையாது.

"கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?" உண்மைதான், ஜெட்ஃபயர் அப்படித்தான். ஆனால் அப்போது இன்டர்கூலரை மறந்துவிடுங்கள். பெட்ரோல் கலந்த காற்றை அதற்குள் விட்டால் அது தேங்கும், பேக்ஃபயர் ஆனால் வெடிக்கும். டர்போவின் ஆயில் சீலும் வேறு ரகம் வேண்டும்.

படிப்பது பி.காம், எனக்கு ஸ்பேனர் கணக்கை விட செலவுக் கணக்குதான் நன்றாகத் தெரியும். காசை முதலில் மீட்டருக்கும் பம்புக்கும் ரெகுலேட்டருக்கும் ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் டர்போ. நம்ம ஆட்கள் முதலில் பழைய இரும்புக் கடையில் டர்போவை வாங்கிவிட்டு, மிச்சக் காசில் ஜெட் வாங்குகிறார்கள். கடைசியில் இன்ஜினும் வாங்குகிறார்கள்.

டிஸ்கி: அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால், 2019 சட்டத் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சித்தப்பாவின் திட்டு தனி.