கதவில் இருக்கும் கீறலும் ராகியின் பயமும்!

“ஏன் கண்ணு, நீ வண்டிய எடுத்துக்கிட்டுப் போன கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சது. மத்தியானம் வரைக்கும் ஒரே ஊளை. தெருவுல யாருக்கு என்ன ஆகப்போகுதோன்னு எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு!”

எதிர்வீட்டுப் பாட்டி என்னை வாசலிலேயே மடக்கிச் சொன்னது ஒரு திங்கள்கிழமை மாலை. தருமபுரி கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் முடிந்து, செய்தியை அனுப்பிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். கதவைத் திறந்தால் ஹாலில் சிறுநீர். கதவின் உள்பக்கம் முழுக்க நகக்கீறல். அம்மாவின் செருப்பு நாலு துண்டு. மூலையில் காதை மடக்கிக்கொண்டு ராகி. அவள் முன்னங்கால் நகத்தில் ரத்தம்.

நன்றாகத் திட்டிவிட்டேன்.

ராகிக்கு மூன்று வயது இருக்கும். நாட்டு நாய். கேழ்வரகு நிறம் என்பதால் அந்தப் பெயர். ஓசூரைத் தாண்டியிருக்கும் ஒரு காப்பகத்திலிருந்து, அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தத்தெடுத்திருந்தோம். ஏற்கெனவே ஒரு குடும்பம் அழைத்துப்போய், திருப்பிக் கொண்டுவந்து விட்ட நாய் அவள். ஏன் திருப்பிவிட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ராத்திரி வீட்டு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். “ஒரு மாசம் டைம் தர்றேன்மா. அதுக்குள்ள சரியாகலைன்னா நாயை அனுப்பிடுங்க, இல்ல வீட்டைக் காலி பண்ணுங்க” என்றார். ‘ராகியைத் திரும்ப அழைத்துக்கொள்ள முடியுமா?’ என்று காப்பகத்துக்கு வாட்ஸ்அப்பில் டைப் செய்தேன். நகத்துக்கு மருந்து போட மறுநாள் எப்படியும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். அவரைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று விட்டுவிட்டேன்.

வீம்பு இல்லை, பயம்

“திட்டுனீங்களா?” - டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“ஆமா சார். தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்.”

அவர் சிரித்தார். “அது உங்க மூஞ்சியைப் பார்த்துப் பயந்த மூஞ்சிம்மா.”

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். நாய் தப்பு செய்ததா, இல்லையா என்பதற்கும் அந்தக் ‘குற்ற உணர்ச்சி’ முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வருகிறது. ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகமாகத் தெரிந்தது!

டாக்டர் சொன்னபடி பழைய செல்போன் ஒன்றை ஜன்னலில் வைத்து வீடியோ எடுத்தோம். நான் கிளம்பியதும் ராகி கதவருகே போய் நின்றாள். நாலு நிமிடத்தில் மூச்சு வாங்கியது, எச்சில் ஒழுகியது. பிறகு கதவைப் பிறாண்ட ஆரம்பித்தாள். பிரியமான பிஸ்கட் தட்டில் அப்படியே இருந்தது.

இதற்குப் பெயர் பிரிவுப் பதற்றம். போன ஆள் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையே இல்லாத பயம். பெரும்பாலான நாய்களுக்கு, நாம் கிளம்பிய முதல் அரை மணி நேரத்துக்குள் இது தொடங்கிவிடும். போரடித்து செருப்பைக் கடிக்கும் நாயும் உண்டு. ஆனால், அது பிஸ்கட்டையும் சாப்பிட்டிருக்கும். நடுவில் தூங்கியும் இருக்கும். வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது வீடியோதான்.

நாங்கள் செய்தது என்ன?

* சாவியின் பயத்தைப் போக்கினோம். சாவிச் சத்தம் கேட்டாலே ராகிக்கு நடுக்கம் வரும். அதனால் நாளுக்குப் பத்து முறை சாவியை எடுத்துக்கொண்டு, எங்கும் போகாமல் உட்கார்ந்தேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டே செய்தி டைப் செய்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்!

* விநாடிக் கணக்கில் பிரிந்தோம். முதலில் பத்து விநாடி வெளியே. அடுத்து அரை நிமிடம், ஒரு நிமிடம். பயம் தொடங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் ஒரே விதி. ஒருநாள் பதினைந்து நிமிடம் இருந்தவள், மறுநாள் ஐந்திலேயே முனகினாள். மறுபடி மூன்றிலிருந்து ஆரம்பித்தோம்.

* அதுவரை தனியாக விடவில்லை. அம்மாவும் நானும் வெளியே போகும் நாள்களில், ராகி எதிர்வீட்டுப் பாட்டியின் திண்ணையில் இருந்தாள். ஊளைக்குப் பயந்த அதே பாட்டிதான்!

* கட்டிப்போடவில்லை. பாத்ரூமிலோ கூண்டிலோ அடைத்தால் பயம் கூடும். தப்பிக்கப் பார்த்து பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. துணைக்கு இன்னொரு நாய் வாங்குவதும் பெரும்பாலும் பலிக்காது. அது தேடுவது மனிதரை.

பயிற்சி மட்டும் போதாத நாய்களுக்கு மருந்தும் இருக்கிறது. க்ளோமிப்ரமின் 1998-லும், ஃப்ளுவோக்ஸெடின் 2007-லும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்காகவே அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டவை. பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பவை இவை. மனிதர்களுக்கும் இவற்றைக் கொடுப்பதுண்டு என்பதற்காக வீட்டில் இருக்கும் மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கலாமா, எவ்வளவு என்பதையெல்லாம் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தத்தெடுக்கும் முன்...

2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், விரும்புபவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம் என்று இருக்கிறது. கூடவே, அப்படி எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் இருக்கிறது.

இந்த இரண்டாவது வரியை நிறைவேற்றுவதுதான் கஷ்டம். காப்பகத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பிரச்னை வராது. வந்தால், முதல் சில வாரங்களில்தான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். அதனால் காப்பகத்தில் ‘தடுப்பூசி போட்டாச்சா?’ என்று கேட்கும்போதே, ‘தனியாக இருக்குமா? முன்பு யாராவது திருப்பிவிட்டார்களா?’ என்றும் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அதியமான்கோட்டை காலபைரவர் கோயில். தேய்பிறை அஷ்டமி என்றால் சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும். பைரவரின் வாகனம் நாய். போன அஷ்டமிக்கு அம்மாவும் நானும் சேர்ந்தே போனோம். வீட்டில் ராகி மட்டும்.

போய்வந்து வீடியோவைப் பார்த்தோம். இரண்டரை மணி நேரம். ஒருமுறை எழுந்து கதவை மோந்து பார்த்தாள். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, அம்மாவின் பழைய புடவையில் சுருண்டு தூங்கிவிட்டாள்.

ஓனர் கொடுத்த கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஊளைச் சத்தம் குறைந்த பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கதவுக்கு பெயின்ட் அடிக்கும் செலவு மட்டும் எங்களுடையது என்று சொல்லியிருக்கிறார். நியாயம்தான்!