கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரே பயணச்சீட்டு

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் கடல்வழியே ஏறத்தாழ 110 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா இதைவிடத் தூரம். நான்கு மணித்தியாலம் அளவில் கப்பல் அக்கரை சேர்ந்துவிடும். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி ‘செரியபாணி’ கப்பலோடு தொடங்கிய இந்தச் சேவை சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி தொடங்கி, வாடைக் காலத்தில் நின்று, 2025 பெப்ரவரி 22ஆம் திகதி திரும்பவும் ஓடத் தொடங்கியது. இது நிலைக்கவேண்டும் என்று விரும்புகிறவர்கள் கட்டணத்தைப் பற்றியும் கப்பலின் அளவைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். நான் கேட்பது வேறொன்று. கப்பலால் இறங்கிய பயணி அடுத்ததாக எதில் ஏறுகிறார்?

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று சிதம்பரம் போய்வர நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய காலத்துக்கு முன்பிருந்தே நம்மவர்கள் தோணியேறிப் போய்வந்த ஊர் அது. இன்று அந்தப் பயணத்தைத் திட்டமிட உட்காருபவர் முதலில் விசா எடுக்கவேண்டும். அந்த விசா நாகைத் துறைமுகம் வழியாக உள்நுழைய இடம் கொடுக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு கப்பலுக்கு ஒரு சீட்டு. நாகையிலிருந்து திருவாரூர், மயிலாடுதுறை வழியாகச் சிதம்பரம் போக இந்திய ரயிலுக்கு இன்னொரு சீட்டு. கொழும்பிலிருக்கும் மகனும் கூட வருகிறான் என்றால் அவனுக்குக் காங்கேசன்துறை வரை மூன்றாவது சீட்டு. இந்திய ரயிலில் 60 நாட்களுக்கு முன்பிருந்து முற்பதிவு செய்யலாம். இலங்கைப் புகையிரதத்தில் 30 நாட்களுக்கு முன்புதான். இரண்டுக்கும் நடுவே காற்றையும் கடலையும் பார்த்துப் புறப்படும் கப்பல். காலநிலை சரியில்லையென்று கப்பல் ஒருநாள் நின்றால், இரு கரையிலும் எடுத்த ரயில் சீட்டுகள் வீண். அந்த நட்டத்துக்குப் பொறுப்பேற்க எவரும் இல்லை. முழுவதும் பயணியின் தலையில்தான் விழும்.

இதே கடலை நம் பாட்டன், பூட்டன்மார் ஒரே சீட்டில் கடந்தார்கள். பாம்பன் பாலம் 1914 பெப்ரவரி 24ஆம் திகதி திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்கு நீண்ட கடற்பயணம். பாலம் வந்தபின் தனுஷ்கோடி வரை தண்டவாளம். அங்கிருந்து தலைமன்னார் இறங்குதுறைக்கு 35 கிலோமீற்றர் அளவிலான கடல். அங்கே கொழும்பு வண்டி காத்திருக்கும். எழும்பூரில் முன்னிரவில் ஏறியவர் மறுநாள் கடலைக் கடந்து, அதற்கடுத்த நாள் காலை கொழும்பு கோட்டையில் இறங்குவார். யாழ்ப்பாணத்தார் மதவாச்சிச் சந்தியில் வண்டி மாறுவார்கள். போட் மெயில் என்று ஊரெல்லாம் சொன்னது இந்த முழு ஏற்பாட்டைத்தான். கப்பல் பிந்தினால் தலைமன்னார் வண்டி பிந்தும். பயணி எந்த இடத்திலும் அந்தரிக்கவேண்டியதில்லை.

அந்த வழியை வெறும் பொற்காலமாக நான் பார்க்கவில்லை. மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்டார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே பாதையால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற வண்டிக்கு மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டி ஒன்றையும் கடல் கொண்டுபோனது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ‘இராமானுஜம்’ கப்பல் ஓடியது. எண்பதுகளின் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயிலும் நின்றது.

இப்போது ஐரோப்பாவைப் பார்ப்போம். சரியாக அதே 1914 பெப்ரவரியில், வியன்னாவிலிருந்து இன்று பிராட்டிஸ்லாவா என அழைக்கப்படும் நகருக்கு ஒரு மின்சார ரயில் பாதை திறக்கப்பட்டது. இரண்டு நகரங்களுக்கும் இடையே 60 கிலோமீற்றர் அளவு. 1945இல் அந்தப் பாதை எல்லையில் அறுந்தது. பிறகு நான்கு தசாப்தங்களுக்கு மேலாக முட்கம்பியும் காவற்கோபுரமும் இடையில் நின்றன. 1989இல் எல்லை திறந்தது. தொண்ணூறுகளில், அந்தப் பாதையை அல்ல, இரு நகரங்களுக்கும் இடையே அதே எல்லையில் அறுந்துகிடந்த இன்னொரு பாதையை மறுபடி இணைத்தார்கள். இன்று வியன்னாவில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் பிராட்டிஸ்லாவா. போகவும் வரவும் ஒரே சீட்டு. அந்தச் சீட்டிலேயே அங்குள்ள நகர பஸ்ஸிலும் ட்ராமிலும் ஏறலாம். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அதற்காக எதையும் பெரிதாகத் திட்டமிடுவதில்லை.

நம் உறவினர்கள் ஆயிரக்கணக்கில் பயன்படுத்தும் வழி ஒன்றும் இருக்கிறது. பாரிஸின் லா சப்பல் கடைத்தெருவிலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து யூரோஸ்டாரில் லண்டன் செயின்ட் பாங்கிராஸ் இரண்டேகால் மணித்தியாலம் அளவு. இதில் கவனிக்கவேண்டியது வேகத்தைவிடக் கடவுச்சீட்டுச் சோதனையைத்தான். லண்டனில் வண்டி ஏறும் முன்பே பிரெஞ்சு அதிகாரிகள் கடவுச்சீட்டைப் பார்த்துவிடுகிறார்கள்; பாரிஸில் ஏறும் முன்பே பிரித்தானிய அதிகாரிகள் பார்த்துவிடுகிறார்கள். இறங்கியபின் வரிசை இல்லை. ஒரு நாட்டின் அதிகாரி இன்னொரு நாட்டு மண்ணில் நின்று சோதிப்பது நடக்காத காரியம் என்று நம் கந்தோர்களில் சொல்வார்கள். மண்டபத்தில் இந்திய மண்ணிலே முகாம் நடத்தியது இலங்கை அரசாங்கம்தான். கூலிகளைத் தடுத்துவைக்கச் செய்த ஒரு ஏற்பாட்டை, இன்று பயணிகளின் வசதிக்காக மனிதத்தன்மையோடு செய்ய முடியாதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ரயில் பயணிகள் உரிமை விதிகளில் ஒரு அடிப்படை உண்டு. தொடர் பயணத்துக்கு ஒரே சீட்டாக விற்றிருந்தால், முதல் வண்டி பிந்தி அடுத்ததைத் தவறவிட்ட பயணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது விற்றவரின் பொறுப்பு. சீட்டு ஒன்றானால் பொறுப்பும் ஒன்றாகிறது. நம் கடலில் இல்லாமற் போனது இந்தப் பொறுப்புத்தான்.

மற்றவை எல்லாம் அநேகமாக வந்துவிட்டன. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13ஆம் திகதியும் காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2ஆம் திகதியும் ரயில் திரும்பியது. தலைமன்னார் இறங்குதுறை வரையான பாதை 2015 மார்ச் 14ஆம் திகதி திறக்கப்பட்டது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைக்க 61.5 மில்லியன் டொலர் தர இந்தியா முன்வந்திருக்கிறது. கப்பல் சேவைக்கும் நிதியுதவி செய்கிறது. மாகோவிலிருந்து ஓமந்தை வரை 128 கிலோமீற்றர் தண்டவாளம் இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி இந்தியப் பிரதமர் அனுராதபுரத்தில் அந்தப் பாதையைத் தொடக்கிவைத்துவிட்டு, அதே நாள் இராமேஸ்வரம் போய்ப் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். ஒரே நாளில், ஒரே கையால், ஒரே பழைய பாதையின் இரண்டு முனைகள் திறக்கப்பட்டன. அந்த இரண்டு முனைகளையும் இணைக்கும் ஓர் அட்டவணை மட்டும் எவருடைய மேசையிலும் இல்லை.

அட்டவணை இல்லாததன் விளைவை 2024இல் கண்ணால் கண்டோம். அந்த ஆண்டு ஜனவரியில் மாகோ–அனுராதபுரம் பகுதி திருத்தவேலைக்காக மூடப்பட்டது. ஒக்டோபர் இறுதியில்தான் கொழும்புக்கு நேர் வண்டி திரும்பியது. கப்பல் ஓகஸ்டிலேயே வந்துவிட்டது. நாகையிலிருந்து வந்திறங்கிய தமிழ்நாட்டுப் பயணி துறைமுகத்துக்கு அருகிலேயே நிலையத்தைப் பார்த்தார். அங்கிருந்து கொழும்புக்குப் போக நேர் வண்டி இல்லை. தண்டவாளத்தைத் திருத்தவேண்டியது அவசியம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கப்பலைத் தொடங்கியவர்களும் ரயிலை நிறுத்தியவர்களும் ஒருவரையொருவர் கேட்கவில்லை என்பதுதான் குறை.

ஆகவே செய்யவேண்டியவை இவை. முதலாவது, கப்பலின் வருகையோடும் புறப்பாட்டோடும் பொருந்தும்படி காங்கேசன்துறையில் ஒரு வண்டியின் நேரத்தையாவது அமைக்கவேண்டும். குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் போதிய அவகாசம் விட்டு, கப்பல் பிந்தினால் குறிப்பிட்ட நேரம் வரை வண்டி காத்திருக்கும் என்று எழுத்தில் விதி வேண்டும். இரண்டாவது, நாகைத் துறைமுக வாசலிலிருந்து ரயில் நிலையத்துக்கும், வேளாங்கண்ணி, நாகூர், சிதம்பரம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களுக்கும் கப்பல் நேரத்தைப் பார்த்துப் பஸ் விடவேண்டும். இதைத் தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகம் நாளைக்கே செய்யலாம். சென்னைக்கு நாகை வழியாகவே இரவு ரயில் போகிறது; அதில் கப்பல் பயணிகளுக்குச் சில ஆசனங்களை ஒதுக்கினால் போதும்.

மூன்றாவது, கொழும்பு கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வாங்கக்கூடிய ஒரே இணைப்புச் சீட்டு. கப்பல் நின்றால் மூன்று கட்டணமும் திரும்பக் கிடைக்கவேண்டும், அல்லது அடுத்த கப்பலுக்கு அந்தச் சீட்டு செல்லவேண்டும். நான்காவது, ஒரு பருவ நாட்காட்டி. வாடைக் காலத்தில் பாக்கு நீரிணை எப்படியிருக்கும் என்பது பருத்தித்துறை, வல்வெட்டித்துறை மீனவருக்குப் பரம்பரையாகத் தெரிந்த விடயம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை சேவை இல்லையென்று ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், அதை நம்பி மற்ற மாதங்களுக்குத் திட்டம் போடலாம். ஒவ்வொரு முறையும் ‘மறு அறிவித்தல் வரை’ என்று நிறுத்தும்போது, கடல் அமைதியான மாதங்களில் வரக்கூடியவர்களும் கைநழுவிப் போகிறார்கள்.

பலாலியிலிருந்து விமானம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் இருப்பது நல்லதுதான். ஆனால் பொதிகளோடு போகும் வியாபாரி, பிள்ளைகுட்டிகளோடு யாத்திரை போகும் குடும்பம், தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டு வாழ்ந்துவிட்டு வீட்டுச் சாமான்களோடு ஊர் திரும்பும் அகதி ஆகிய மூவருக்கும் கப்பலும் ரயிலும்தான் ஏற்றவை. கடல்மேல் பாலம் வரட்டும், அதுவரை பொறுக்கலாம் என்கிறவர்களும் உண்டு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பாலம் என்பது சுற்றாடல், பாதுகாப்பு, தென்னிலங்கை அரசியல் என்று பல தடைகளைத் தாண்டவேண்டிய விடயம். அதற்கான பேச்சு அதன் பாட்டில் நடக்கட்டும். அட்டவணைக்கு ஒரு மூட்டை சீமெந்தும் தேவையில்லை.

இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலைப் பற்றியும் இரு அரசுகளும் 2023 ஜூலையிலும் 2024 டிசம்பரிலும் கூட்டாக எழுதி வைத்திருக்கின்றன. அது வரும்போதும் இதே கேள்வி எழும். தலைமன்னாரில் தண்டவாளம் இறங்குதுறை வரை இருக்கிறது. அக்கரையில் புதிய பாலம் இருக்கிறது. காங்கேசன்துறையில் இணைப்பைச் செய்துகாட்டினால், தலைமன்னாரில் அதை அப்படியே பின்பற்றலாம். இங்கே செய்யத் தவறினால் அங்கேயும் கப்பல் வந்து, சில மாதம் ஓடி, ஆளில்லை என்று நின்றுபோகும். ஆளில்லாமல் நின்றது என்று அறிக்கையும் எழுதுவார்கள்.

இலங்கைப் புகையிரதத் திணைக்களம், இந்தியாவின் தெற்கு ரயில்வே, கப்பல் நிறுவனம், இரு நாட்டுக் குடிவரவு அதிகாரிகள் ஆகியோரை ஒரே மேசைக்கு அழைத்து இந்த அட்டவணையை எழுதவைக்க, வடமாகாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகமும் முன்வரவேண்டும். அடுத்த வாடை தொடங்குவதற்கு முன் அந்தக் கூட்டம் நடக்கவேண்டும்.

(கட்டுரையாளர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த போக்குவரத்துத் திட்டமிடலாளர்.)