பெரகல சந்தியில் ஒரு ரொட்டிக்கடை வேண்டும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் ஏ-4 வீதி ஹல்துமுல்லையைத் தாண்டி பெரகலயில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொஸ்லந்தை, வெல்லவாய பக்கம் இறங்குகிறது. ஏ-16 என்ற மற்றக் கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி எல வரை போகிறது. மப்பு இல்லாத நாளில் தெற்குச் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். வேனில் வரும் வெளிநாட்டுத் தம்பதிகள் இங்கே இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு நேரே எல்ல என்ற சுற்றுலா ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஊர்ச் சாப்பாட்டை ருசிக்க வந்தவர்கள், அந்தச் சாப்பாடு வேகிற அடுப்புகளைத் தாண்டித்தான் போகிறார்கள்.

எல்லவின் பிரதான வீதியில் மாலையில் நடந்தால் அவர்களுடைய மேசைகளைப் பார்க்கலாம். கணவனுக்கு ஒரு லயன் லாகர், மனைவிக்கு ஒரு லயன் ஸ்டவுட், நடுவில் கொத்து ரொட்டி. பக்கத்து மேசையில் பீட்சா. புதிய ஊருக்குப் போகும் தம்பதிகள் அந்த ஊர்ப் பியரையும் அந்த ஊர்ச் சாப்பாட்டையும் பகிர்ந்து ருசிப்பது பயணத்தின் நல்ல பழக்கங்களில் ஒன்று. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேசையில் இந்த ஊவா மாகாணத்துக்கு உரியது எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

பியருக்கு மலைநாட்டோடு உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் காலத்தில், நுவரெலியாவின் குளிரில்தான் இலங்கையின் பியர் வடிப்பு வேரூன்றியது. வேட்டைக்காரரும் பயண எழுத்தாளருமான சாமுவேல் பேக்கரின் பெயரோடு அந்தத் தொடக்கத்தை இணைத்துச் சொல்வார்கள். அந்த வழியில் வந்ததுதான் லயன் ஸ்டவுட். பியரைப் பற்றி எழுதியே உலகப் புகழ் பெற்ற இங்கிலாந்து எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் இதைப் பாராட்டி எழுதிய பிறகு வெளிநாட்டுப் பியர் பிரியர்கள் இலங்கையைத் தேடத் தொடங்கினார்கள். இன்று லயன் தயாராவது கொழும்புக்கு அருகே பியகமவில். பார்லி மால்ட்டும் ஹொப்ஸும் கப்பலில் வருகின்றன. எல்லவில் அருந்தும் பியரில் எல்லவுக்கு உரியது மேசையிலிருந்து தெரியும் மலை மட்டும்தான்.

அந்த மேசைக்கு ஒரு சட்டமும் உண்டு. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் பெண்களுக்கு மது விற்பதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முடிவைத் திரும்பப் பெறச் சொன்னார். சுற்றுலா வந்த பெண்ணிடம் யாரும் இந்தத் தடையைக் காட்டுவதில்லை. போயா தினத்தில் மட்டும், விற்பனைக்கு எங்கும் தடை என்பதால், தம்பதிகள் இருவரும் தேசிக்காய்ச் சாறோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மதுவைப் பற்றிப் பேசும்போது தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் கதையைத் தள்ளிவைக்க முடியாது. பத்தாம் திகதி சம்பள நாள். அன்று தவறணைக்கும் கசிப்புக்கும் போகிற காசு, பிள்ளையின் கொப்பிக்கும் வீட்டு மாவுக்கும் உரிய காசு. 2021இல் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆனது. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய் ஆனது. எல்லவின் உணவகமொன்றில் இரண்டு பியரும் ஒரு கொத்தும் எடுத்தால் அந்த நாட்கூலி போதாது. ஆகவே சுற்றுலாவை வளர்க்கிறோம் என்று சொல்லி மலையகச் சந்திகளில் புதிய மதுச்சாலைகளுக்கு அனுமதி கொடுப்பதை இந்த மக்கள் எதிர்த்தால், அவர்கள் பக்கம்தான் நியாயம். வளர்க்க வேண்டியது சாப்பாட்டை.

அந்தச் சாப்பாடு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் குசினியில் ஒவ்வொரு விடியலிலும் தயாராகிறது. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டித் தட்டி, விறகடுப்பில் தடிப்பாகச் சுட்ட ரொட்டி. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்போடு மாசியும் வைத்து அம்மியில் அரைத்துத் தேசிக்காய் பிழிந்த கட்டைச் சம்பல். பக்கத்தில் சூடான சாயத் தேத்தண்ணி. கொழுந்து மலைக்குப் போகும் பெண்ணின் பையில் இந்த ரொட்டிதான் துணியில் சுற்றிப் போகிறது. பசியைப் பகல்வரை தாங்கும். மழை நாளில் கருவாட்டுக் குழம்பு, மரவள்ளிக் கிழங்கு, வல்லாரைச் சம்பல் என்று இந்தச் சமையல் நீளும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் கைப்பக்குவம், சிங்களக் கிராமத்தின் மாசியும் தேங்காயும், ரேஷன் காலத்துக் கோதுமை மா மூன்றும் சேர்ந்து இரு நூற்றாண்டுகளில் உருவான சமையல் இது. வறுமைச் சாப்பாடு என்று சொல்லி இதை ஒதுக்குவது தவறு. இத்தாலியின் பொலெண்டாவும் ஒருகாலத்தில் ஏழைகளின் சோளக் கூழ்தான்.

ஹப்புத்தளைக்கு அருகே லிப்டன் சீட் உச்சியில் ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுக்கும் சின்னக் கடையைப் பயணிகள் ஊருக்குத் திரும்பியும் மறப்பதில்லை. மலைநாட்டு ரயிலில் ஏறி, பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளில் சுற்றி வடை விற்பவர்களும் அப்படித்தான். விருப்பம் இருக்கிறது; சமைக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. அப்படியானால் ஹப்புத்தளை முதல் பெரகல வரை தோட்டத்துக் குடும்பங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் ஏன் இவ்வளவு குறைவு?

காரணம் காணி. 1970களில் அரசுடைமையான தோட்டங்களை 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, நான்கு தலைமுறையாக அங்கே வாழும் குடும்பத்துக்கு லயத்து அறை மட்டும். உறுதிப் பத்திரம் இல்லாதவருக்கு வங்கிக் கடன் எட்டாது. வீதியோரத்தில் ஒரு தகரக் கூரை போடவும் தோட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். லயத்து அறைக்கெனத் தனி விலாசம்கூடப் பல இடங்களில் கிடையாது. பெரகலயிலிருந்து தியலும நீர்வீழ்ச்சிக்குப் போகும் தம்பதிகள் கடந்துபோகும் கொஸ்லந்தைப் பக்கத்தில்தான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை அங்கே மண்சரிவு லயங்களை மூடியது. பாதுகாப்பான காணிக்காக அந்த மக்கள் காத்திருந்த ஆண்டுகளை ஊவா மறக்கக் கூடாது.

கடை இல்லாத இடத்தில் வேறொன்று நடக்கிறது. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணைப் பயணி படம் எடுக்கிறார், ஒரு நோட்டை நீட்டுகிறார். அந்தப் பெண்ணும் வாங்கிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தன் கையால் சுட்ட ரொட்டிக்கு விலை சொல்லி விற்கிற பெண்ணையும், படத்துக்காக நிற்கிற பெண்ணையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. முதலாமவரிடம் பயணி பெயர் கேட்பார், சம்பலில் என்ன போட்டீர்கள் என்று கேட்பார், நாளைக்கும் வருவதாகச் சொல்வார்.

இப்படிக் கடை வைக்க இடம் கொடுப்பதற்கு வெளிநாட்டு முன்மாதிரி வேண்டுமென்றால் சிங்கப்பூர் இருக்கிறது. வீதியோர வியாபாரிகளை விரட்டாமல், உரிமம் கொடுத்து, தண்ணீர்க் குழாயும் வடிகாலும் உள்ள அங்காடி நிலையங்களை அரசே கட்டிக் கொடுத்தது. அந்தப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனியின் பாம்பெர்க் நகருக்குப் போகிறவர்கள் புகையூட்டிய மால்ட்டில் வடித்த பியரை, அது தயாராகும் நகரிலேயே, அந்த ஊர்ச் சாப்பாட்டோடு அருந்துகிறார்கள். பணம் அந்த ஊரில் தங்குகிறது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகம் இருக்கிறது. பெண்கள் தாங்களே சமைத்து, தாங்களே விற்று, வருமானத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். குரக்கன் புட்டுக்கும் தோசைக்கும் உள்ளூர்க்காரர்களோடு வெள்ளைக்காரத் தம்பதிகளும் வரிசையில் நிற்கிறார்கள். தெற்கில் இதே வேலையை 'ஹெல போஜூன்' நிலையங்கள் செய்கின்றன. கட்டடம் திணைக்களத்துடையது, கைப்பக்குவம் பெண்களுடையது. பெரகல சந்திக்குத் தேவை இப்படியொன்றுதான். வீதி பிரியும் இடத்தில் சில பேர்ச் நிலம், பத்து அடுப்பு, சுத்தமான கழிப்பறை, வேன் நிறுத்த இடம், தோட்டத்துப் பெண்களின் பெயரிலேயே உரிமம். கம்பனியின் பெயரிலோ, தொழிற்சங்கத் தலைவரின் பெயரிலோ, அரசியல்வாதியின் மைத்துனர் பெயரிலோ உரிமம் போனால் அந்தக் கடை வேண்டாம்.

அந்தக் கடையில் இன்னொன்றும் இருக்க வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் வறண்ட வாரங்களில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறும். உலகத் தேயிலை வணிகர்கள் அந்தப் பருவத்துக்காகக் காத்திருப்பார்கள். அந்தத் தேயிலை 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிவிடுகிறது. கொழுந்து பறித்தவர் வீட்டில் குடிப்பது தோட்டம் கொடுக்கும் தூள். அந்த மூன்று மாதமும் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் தங்கள் பருவத் தேயிலையில் ஒரு பெட்டியைப் பெரகல கடைக்கு அடக்க விலையில் தரவேண்டும் என்று ஊவா மாகாணச் சுற்றுலா அதிகாரிகள் ஒரு நிபந்தனை போடலாம். ஸ்டவுட்டின் சுவையை ஆராய்ந்து குறிப்பெடுக்கிற தம்பதிகளுக்கு அந்தத் தேத்தண்ணியைப் பற்றி எழுதவும் நிறையவே இருக்கும். அதை ஊற்றிக் கொடுக்கிறவர் அதே மலையில் கொழுந்து எடுத்தவராக இருந்தால், எந்த மலை, எந்தப் பக்கக் காற்று என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.