ஓடுவதும் நிற்பதும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், அஃது எத்தனை வேகமாய் ஓடும் என்று வினவுவோர் பலர். எத்தனை விரைவில் நிற்கும் என்று வினவுவோர் மிகச் சிலர். ஆயினும் பந்தயப் பாதையில் நாலு சுற்று ஓட்டியவர் எவரும் இரண்டாவது கேள்வியை அலட்சியம் செய்யமாட்டார்.

சென்னையை அடுத்த சோழவரத்தில், பழைய விமானத் தளத்தின்மீது ஒரு காலத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்து வந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை ஏற்பட்டது. கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் 2003-இல் ஒன்று திறக்கப்பெற்றது. பந்தயக்காரர் அல்லாத இளைஞர்களும் கட்டணம் செலுத்தித் தம் சொந்த வண்டியை இத்தகைய பாதைகளில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள் உண்டு. 'டிராக் டே' என்று அதனை வழங்குவர். தெருவில் காட்டத்தகாத வேகத்தை அதற்குரிய இடத்தில் காட்டுவதை நாம் குறைகூறோம். அவ்விளைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "எந்த பிரேக் பேட் சிறந்தது?" என்பது. எவ்விடத்தில், எந்த உஷ்ணத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்டாலன்றி இதற்கு விடை கூற இயலாது.

பள்ளிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 72 கிலோமீட்டராகக் குறைகிறது. வேகம் பாதியானால் அதன் இயக்க சக்தி கால் பங்காகிறது. குறைந்த முக்கால் பங்கு 6 லட்சம் ஜூல். அதன் பெரும்பகுதி பிரேக்கில் உஷ்ணமாக மாறுகிறது. ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமான உஷ்ணம் அது. அடுப்பில் பல நிமிஷம் பிடிக்கும் இக்காரியம் இங்கே இரண்டு மூன்று விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அதுவும் ஒரு முறையன்று. ஒவ்வொரு சுற்றிலும் பல முறை. டிஸ்க் ஆறுவதற்கு அவகாசமே இல்லை.

இவ்வுஷ்ணத்தை எவ்விதம் தாங்குகிறது என்பதைக் கொண்டே பேடுகளை ஒப்பிடவேண்டும். இழைகளைப் பிசினால் இறுக்கிச் செய்த ஆர்கானிக் வகை, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும், ஓசை குறைவு, டிஸ்க்கையும் அதிகம் தேய்க்காது. ஆனால் உஷ்ணம் வரம்பு மீறினால் பிசின் சிதைந்து பிடிப்புத் தளர்ந்துவிடும். எஃகு முதலிய உலோகம் கலந்த செமி மெட்டாலிக் வகை அதனினும் அதிக உஷ்ணம் தாங்கும். ஓசையும் தூளும் சற்று மிகுதி. பந்தயத்துக்கென்றே செய்த வகையோ கடும் உஷ்ணத்திலும் தளராது. ஆனால் சூடேறும்வரை அதன் பிடிப்புக் குறைவு, கிறீச்சிடும், டிஸ்க்கை விரைவில் தேய்க்கும். 'செராமிக்' என்ற பெயரைக் கண்டு ஏமாறுவோரும் உளர். கடைகளில் அப்பெயரால் விற்கும் பேடுகளில் பெரும்பாலானவை தெருவில் ஓசையும் தூளும் குறைவதற்காக ஏற்பட்டவை. விலையுயர்ந்த பந்தய ஜாதி வண்டிகளில் காணும் கார்பன் செராமிக் டிஸ்க் என்பது வேறு விஷயம்.

சில பேடுகளில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் பொறித்திருக்கும். முதலெழுத்து மிதமான சூட்டிலும், இரண்டாவது அதிகச் சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிப்பன. 'இ' என்றால் 0.25-க்கு மேல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.55 வரை. ஒப்பிடுவதற்கு இது பயன்படும். ஆயினும் பந்தயப் பாதையின் உஷ்ணம் அச்சோதனையின் எல்லையைக் கடந்துவிடக்கூடும் ஆதலின், இதனை மட்டும் நம்பலாகாது.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாதையில் மெய்யாகவே சிறந்து விளங்கிய பந்தய பேடை மாட்டிக்கொண்டே மறுநாட் காலை ஒருவர் ஆபீசுக்குப் புறப்படுகிறார். பேட் குளிர்ந்திருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. மிதித்தவுடன் கிடைக்கவேண்டிய பிடிப்பு அப்பொழுது முழுமையாய்க் கிடைப்பதில்லை. பாதையில் இறங்குமுன், நேர்வதற்குத் தாமே பொறுப்பென்று அவர் கையெழுத்திட்டிருக்கலாம். அக்குழந்தை எதிலும் கையெழுத்திடவில்லை.

ஆகையால் ஒரே வண்டியில் வீட்டிலிருந்து சென்று வீடு திரும்புவோர், குளிர்ந்த நிலையிலும் பிடிப்பதாய், ஓரளவு பாதைச் சூட்டையும் தாங்குவதாய் உள்ள நடுத்தர வகையைக் கொள்வதே தக்கது. இரண்டொரு சுற்றுக்கு ஒரு முறை மெதுவாக ஓட்டிச் சூட்டைத் தணித்தால் அது போதும். பந்தய பேடே வேண்டுவோர் அதனைப் பாதையில் மாட்டி, புறப்படுமுன் கழற்றிவிடவேண்டும். இடம் வலம் இரண்டிலும் ஒரே வகை இருத்தல் அவசியம். புதிய பேடை எடுத்தவுடன் கடுமையாக மிதித்தலும் தவறு. படிப்படியாகச் சூடேற்றி டிஸ்க்கில் படியவிடவேண்டும்.

பேடுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவோர் பிரேக் ஆயிலை மறந்துவிடுகின்றனர். டாட் 4 என்ற வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகையில் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அவ்வளவு தாங்காது. ஈரமுற்ற ஆயிலுக்கு விதித்த கீழ்வரம்பு 155 பாகையே. கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகி, மிதிகட்டை தரைவரை அமிழும். மிதிகட்டை கெட்டியாயிருந்தும் வண்டி நிற்கவில்லையெனில் குற்றம் பெரும்பாலும் பேடினுடையது. மிதிகட்டை மெத்தென்று இறங்கினால் ஆயிலினுடையது. இவ்வேறுபாட்டை அறியாதவர், விலையுயர்ந்த பேடை வாங்கியும் அதே அபாயத்தில் மீண்டும் சிக்குவர்.

கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுக. நிறுத்தியபின் ஹாண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க. ஆறியபின் பேடின் கனத்தைப் பார்த்துவிட்டே சாலையில் இறங்குக. அன்றைய நாளில் மிகவும் கவனமாக ஓட்டவேண்டிய தூரம், பாதையின் வாயிலிலிருந்து வீட்டு வாசல்வரை உள்ளதே.